முதல் புல் ரிக்வெஸ்ட்: தைப்பூசத் தேதியிலிருந்து தொடங்கலாம்

மொரீஷியஸின் ரெதுயியில் கணினி படிக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "அக்கா, ஓப்பன் சோர்ஸில் ஏதாவது செய்ய ஆசை, எதில் தொடங்குவது?" ஓப்பன் சோர்ஸ் என்றால் நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள். கேட்கும்போதே லினக்ஸ் கெர்னல், ஃபயர்ஃபாக்ஸ் என்று பெரிய பெயராகச் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளில், மொரீஷியஸில் இருப்பதால் உங்களுக்குத் தெரிந்து, அதை எழுதியவருக்குத் தெரியாமல் போன விஷயம் எது?

தேடினால் கிடைக்கும். எபேனில் எங்கள் அலுவலகத்தில் கூட்டங்களுக்கு நாள் குறிக்க ஒரு செயலி உண்டு. விடுமுறை நாட்களை அது ஓர் ஓப்பன் சோர்ஸ் தொகுப்பிலிருந்து எடுக்கிறது. 2025-ல் தைப்பூசக் காவடி பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. நாடு முழுக்க விடுமுறை. தொகுப்பிலோ அது வேலை நாள். காவடி எடுக்க விரதம் இருந்த ஒருவருக்கு அன்று காலை கூட்டம் என்று அழைப்பு போயிருந்தது.

காரணம் எளிது. தேசிய தினம் எல்லா ஆண்டும் மார்ச் 12 தான். நிரலில் ஒருமுறை எழுதினால் போதும். தைப்பூசம் 2024-ல் ஜனவரி 25, 2025-ல் பிப்ரவரி 11, 2026-ல் பிப்ரவரி 1. இதை ஆண்டுதோறும் யாராவது பார்த்துச் சேர்க்க வேண்டும். ஐரோப்பாவில் உட்கார்ந்து அந்தத் தொகுப்பை இலவசமாகப் பராமரிக்கிறவருக்கு இது எப்படித் தெரியும்? நமக்குத் தெரியும். முதல் புல் ரிக்வெஸ்டுக்கு, அதாவது 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று திட்டத்துக்கு அனுப்பும் முதல் கோரிக்கைக்கு, இதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நிரலில் புலியாக இருக்க வேண்டியதில்லை. மாற்றம் ஓரிரு வரிதான். ஆனால் அதைச் சரியாகச் செய்ய உங்களைப் போன்ற ஒருவர் வேண்டும்.

சரி, இனி வேலை. முதலில் அந்தத் திட்டத்தின் பக்கத்துக்குப் போய் மூன்று விஷயம் பாருங்கள். உரிமம் இருக்கிறதா (எம்ஐடி, ஜிபிஎல், அப்பாச்சி, எதுவானாலும்), அண்மையில் யாருடைய மாற்றமாவது ஏற்கப்பட்டிருக்கிறதா, 'கான்ட்ரிபியூட்டிங்' என்ற பங்களிப்பு விதிகள் கோப்பு இருக்கிறதா. அந்தக் கோப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும்) உங்கள் பெயரில் ஒப்புதல் வரி கேட்கும். மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில், 'கிட் கமிட்' கட்டளையோடு '-s' (சின்ன எஸ்) சேர்த்தால் அது தானாக வந்துவிடும். செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று 2024-ல் ஜென்டூ இயங்குதளத் திட்டமும், முன் அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது என்று நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டமும் முடிவு செய்தன. உங்கள் திட்டத்தின் விதி என்ன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வேலைக்குப் போகிறவர் என்றால் உங்கள் ஒப்பந்தத்தையும் ஒருமுறை பாருங்கள். நீங்கள் எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே என்று அதில் இருந்தால், மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்தது இஷ்யூ, அதாவது திட்டத்தின் பக்கத்தில் பதியும் பிரச்சினைக் குறிப்பு. நிரலைத் தொடும் முன் பிரச்சினையைச் சொல்லுங்கள். யாராவது ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்களா என்று தேடி, இல்லையென்றால் புதிதாகத் திறங்கள். எந்தப் பதிப்பில் பார்த்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் என்ன. இந்த நான்கும் எளிய ஆங்கிலத்தில் இருந்தால் போதும். ஆதாரம்தான் உயிர். "நான் மொரீஷியஸ்காரி, எனக்குத் தெரியும்" என்று எழுதினால் பராமரிப்பவரால் சரிபார்க்க முடியாது. அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலின் இணைப்பைக் கொடுங்கள். அதோடு "நானே திருத்தி அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள்.

சம்மதம் வந்ததும், திட்டத்தின் நிரல் இருக்கும் தளமான கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தை ஃபோர்க் செய்யுங்கள். உங்கள் கணக்கில் ஒரு பிரதி உருவாகும். அதை 'கிட் குளோன்' மூலம் உங்கள் கணினிக்கு இறக்கி, தனியாக ஒரு பிராஞ்ச் (உங்கள் மாற்றத்துக்கான கிளை) தொடங்குங்கள். மெயின் பிராஞ்சைத் தொடாமல் விட்டால் பிற்பாடு தலைவலி இல்லை. முதல் கமிட்டுக்கு முன் கிட்டில் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் அமைக்க வேண்டும். இங்கே கவனம்: அந்த மின்னஞ்சல் கமிட்டோடு சேர்ந்து உலகத்துக்கே தெரியும், எளிதில் அழிக்கவும் முடியாது. சொந்த முகவரியைக் காட்ட விருப்பமில்லை என்றால், கிட்ஹப் அமைப்புகளில் கிடைக்கும் 'நோரிப்ளை' முகவரியைப் பயன்படுத்துங்கள். பெண் பிள்ளைகளுக்கு இதை நான் தவறாமல் சொல்கிறேன்.

இப்போது தேதியைச் சேருங்கள். பக்கத்தில் இருக்கும் வரிகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றனவோ அப்படியே எழுதுங்கள். கோப்பில் வேறு என்ன கண்ணை உறுத்தினாலும் தொடாதீர்கள். அது வேறு புல் ரிக்வெஸ்ட்.

அப்புறம் சோதனைகள். திட்டத்தில் இருக்கும் டெஸ்டுகளை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, நீங்கள் சேர்த்த தேதிக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள். இது சம்பிரதாயத்துக்காக அல்ல. 2026-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: தைப்பூசம் பிப்ரவரி 1, அடிமை முறை ஒழிப்பு நாளும் இங்கே அதே பிப்ரவரி 1. ஒரு தேதிக்கு ஒரு பெயர்தான் என்று எண்ணி எழுதிய நிரலில், ஒரு விடுமுறை மற்றதை அழித்துவிடும். காவடியும் நிற்க வேண்டும், அடிமை முறை ஒழிப்பு நாளும் நிற்க வேண்டும். நம் தீவின் வரலாற்றில் இரண்டும் ஒன்றையொன்று மறைக்கக் கூடாதவை. இப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் அதைத் தனி இஷ்யூவாகத் திறங்கள். உங்கள் தேதித் திருத்தத்தைவிட அது பெரிய உதவியாக அமையலாம்.

டெஸ்டுகள் எல்லாம் பச்சையானதும் கமிட், புஷ் (கிட்ஹப்பில் உள்ள உங்கள் பிரதிக்கு ஏற்றுவது), பிறகு புல் ரிக்வெஸ்ட். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் இதையே மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்பார்கள். தலைப்பில் என்ன மாறியது என்பதை மட்டும் சொல்லி, உள்ளே இஷ்யூ எண்ணையும் ஆதார இணைப்பையும் கொடுங்கள்.

எண்ணிக்கைக்காக மட்டும் அனுப்பாதீர்கள். 2020 அக்டோபரில், புல் ரிக்வெஸ்ட் அனுப்புவோருக்குப் பரிசு தந்த ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின் டி-ஷர்ட்டுக்காக, ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்துச் சேர்த்து ஆட்கள் குவித்ததில் பராமரிப்பவர்கள் நொந்துபோனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களை மட்டுமே கணக்கில் எடுப்பது என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது. உண்மையான எழுத்துப்பிழையைத் திருத்துவது நல்ல வேலைதான். பிழை உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிலுக்குக் காத்திருங்கள். நமக்கும் கலிஃபோர்னியாவுக்கும், அவர்களுடைய குளிர்காலத்தில், சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை ஒன்பதுக்கு வேலையைத் தொடங்கும்போது நமக்கு இரவு ஒன்பது. ஒரு வாரம் ஆகியும் சத்தமில்லை என்றால் மரியாதையாக ஒரு வரி எழுதுங்கள். "இந்த வரியை மாற்று, பெயரை அரசு எழுதுவது போல எழுது" என்று திருத்தம் கேட்டால் வருந்த வேண்டாம், அவர் உங்களுக்காக நேரம் செலவழிக்கிறார். அதே பிராஞ்சில் மாற்றி மறுபடி புஷ் செய்தால் புல் ரிக்வெஸ்ட் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதிதாக இன்னொன்று திறக்க வேண்டாம்.

உங்கள் மாற்றம் மெர்ஜ் ஆனவுடன், அதாவது திட்டத்தில் சேர்ந்தவுடன், உங்கள் அலுவலக நாட்காட்டி மாறிவிடாது. திட்டத்தின் அடுத்த பதிப்பு வெளிவந்து, செயலி அதை எடுத்துக்கொண்ட பிறகே மாறும். அதுவரை வெளியீட்டுக் குறிப்புகளைக் கவனித்து வாருங்கள். இடையில் ஃபோர்க்கைப் புதுப்பித்து, பழைய பிராஞ்சை அழித்துவிட்டு, உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளித் தேதிகளையும் அரசுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.