பகதூரைத் தேடிப் பிடிப்பது எப்படி

நம்ம பக்கம் உளவாளி காமிக்ஸ் என்றாலே முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வழியாக வந்த வெளிநாட்டுக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். இரும்புக்கை மாயாவி 1972-இல் சிவகாசிக்கு வந்து நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டார், ஆனாலும் அவர் பிறப்பால் பிரிட்டிஷ்காரர். இந்த மண்ணிலேயே பிறந்த ஒருவனைப் படிக்க வேண்டும் என்றால் டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் அந்தக் காலத்தில் வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸின் நாயகன் பகதூரிடம் போங்கள். அவன் அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஏஜென்ட் கிடையாது, ஜெய்கர் என்ற ஊரில் பொதுமக்களைச் சேர்த்துக் குற்றங்களைத் தடுக்கும் படை நடத்துகிறவன். அசல் ஏஜென்ட்தான் வேண்டும் என்றால் மனோஜ் காமிக்ஸில் 'டபுள் சீக்ரெட் ஏஜென்ட் 00½' ராம்-ரஹீம் இருக்கிறார்கள், இந்தி தெரிந்தவர்கள் ஒரு கை பார்க்கலாம். என் ஓட்டு பகதூருக்கு.

தொடங்க வேண்டிய இடத்தில் குழப்பமே வேண்டாம். 1976 டிசம்பரில் வந்த இந்திரஜால் 263-ஆம் இதழ், ஆங்கிலத்தில் 'தி ரெட் பிரிக்ஸ் ஹவுஸ்'. கிடைக்கிற ஏதோ ஒரு இதழை எடுத்துப் படித்தால் கராத்தே தெரிந்த இன்னொரு நல்லவன் என்றுதான் தோன்றும். அப்பா பைரவ் சிங் போலீஸ் கையால் செத்த கொள்ளைக்காரன், வளர்த்தது விஷால் என்ற போலீஸ் அதிகாரி, பழிவாங்கத் துடித்த பையன் கடைசியில் கொள்ளையர்களுக்கு எதிராகவே நின்றான் என்ற கதை தெரிந்தபின் படித்தால்தான் அவன் அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் கனம் வருகிறது. வட இந்தியாவின் சம்பல் பள்ளத்தாக்குக் கொள்ளையர்கள் சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்னால் ஆயுதங்களை வைத்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது, நாட்டில் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் காவி குர்தாவும் ஜீன்ஸும் போட்ட ஒரு ஹீரோ, கூடவே கல்யாணம் செய்யாமல் ஒரே வீட்டில் வாழும் காதலி பேலா! 1976-இல் இதை அச்சிட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டே படியுங்கள்.

263 கிடைக்கவில்லை என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அதை ஒட்டி வந்த பகதூர் இதழ்களை வாங்குங்கள். கதை எழுதியவர் ஆபித் சுர்தி, படம் கோவிந்த் பிரம்மானியா. இந்தக் கூட்டணியில் வந்தவைதான் முதலில் படிக்க வேண்டியவை. பிறகு ஜக்ஜித் உப்பல் எழுதினார், பிரமோத் பிரம்மானியா வரைந்தார், அவையும் மோசமில்லை, ஆனால் அந்தப் புழுதி வாசனை கொஞ்சம் குறைவு. (சுர்தியைப் பற்றி ஒன்று: 2007-இல் தொடங்கி, மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் ஞாயிறுதோறும் பிளம்பரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் ஒழுகும் குழாய்களை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தவர். ஹீரோவைப் படைத்தவரே ஹீரோ மாதிரிதான்.)

எங்கே தேடுவது? டெல்லி போகிறவர்களுக்கு தரியாகஞ்ச் ஞாயிறு புத்தகச் சந்தை, இப்போது அது மகிளா ஹாட்டில் நடக்கிறது. சென்னையில் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகள், பொறுமை இருந்தால். மற்றபடி ஆன்லைனில் விற்பவர்கள்தான். மொழியில் பிடிவாதம் வேண்டாம். ஆங்கிலம் இல்லாவிட்டால் இந்தி, தெரிந்தால் வங்காளி, எது சுத்தமாகக் கிடைக்கிறதோ அதை எடுங்கள். இதழ் எண்ணை மட்டும் கேட்டு வாங்காமல் கதைத் தலைப்பு, மாதம், வருடம் எல்லாம் கேளுங்கள். 1981-இல் வாரப் பத்திரிகை ஆனபின் தொகுதி எண், இதழ் எண் என்று எண் போடும் முறையே மாறிப்போனது, அதனால் 'இதழ் 12' என்று யாராவது சொன்னால் அது எந்த 12 என்றே தெரியாது. மொத்தக் கட்டாக விற்கிறவர் 1 முதல் 300 வரை ஒன்றுவிடாமல் இருக்கிறது என்றால் 123, 124 இரண்டையும் காட்டச் சொல்லுங்கள். வேலைநிறுத்தத்தால் அந்த இரண்டும் அச்சாகவே இல்லை.

பணம் அனுப்பும் முன் நாலு படம் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, நடுப்பக்கம், ஸ்டேப்பிள் பின் அடித்த இடம். நடுப்பக்கம்தான் முக்கியம். பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது அந்தத் தாள்தான், நாலு பக்கக் கதை போய்விடும், விற்பவருக்கே தெரிந்திருக்காது. வாடகை நூலகத்து ரப்பர் ஸ்டாம்ப், பேனாவில் எழுதிய பெயர் இதெல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை, விலை குறையும், அவ்வளவுதான். பைண்டு செய்த தொகுப்பில் மட்டும் உஷார். ஓரத்தை வெட்டியிருப்பார்கள், சில நேரம் வசன பலூனும் சேர்ந்து போயிருக்கும், அட்டைகளையும் பிய்த்துப் போட்டிருப்பார்கள். பளபளப்பான புதுத்தாளில் அடித்த பழைய இதழ் என்றால் அது கலர் ஜெராக்ஸ், படிக்க ஓகே, அசல் விலை கொடுக்காதீர்கள்.

வந்து சேர்ந்ததும் செலோ டேப் பக்கமே போகாதீர்கள். கொஞ்ச வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தையும் தின்றுவிடும். லாமினேஷனும் வேண்டாம். துருப்பிடித்த பின்னை மெதுவாக நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே ஓட்டையில் பருத்தி நூல் கோத்துக் கட்டினால் போதும். பிவிசி உறை நாளாக நாளாக அட்டையில் ஒட்டிக்கொள்ளும், பாலியெஸ்டர் உறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத்தாளில் சுற்றி, படுக்கைவாட்டில், பத்துப் பதினைந்துக்கு மேல் அடுக்காமல், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். பூச்சிக்கு ஓலைச்சுவடிக்காரர்கள் வைத்த வசம்பையே ஒரு துணியில் முடிந்து மூலையில் போடலாம். மழைக்காலத்தில் மாதம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துப் புரட்டுங்கள்.

அப்புறம், ஒரே இதழ் இரண்டாவது பிரதியாக மலிவாக வந்தால் விடாதீர்கள். உங்களிடம் இல்லாத இதழை வைத்திருப்பவர் காசுக்கு மசியமாட்டார், மாற்றுக்கு மாற்று என்றால் உடனே பேச்சுக்கு வருவார்.