ஓ.டி. (அறுவை அரங்கு) உடை அணிவது எப்படி? தோல் துகளில் இருந்து தொடங்குவோம்

நம் தோல் ஓயாமல் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. சும்மா நடந்தாலே நிமிடத்துக்குச் சுமார் 10,000 துகள்கள் உதிரும். அவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்று பாக்டீரியாவைச் சுமந்திருக்கும். அறுவை அரங்கின் காற்றில் மிதக்கும் கிருமிகள் பெரும்பாலும் அங்கே நிற்கும் நம்மிடமிருந்து வந்தவைதான். அதனால் உடை அணியும்போது, ‘என் துகள் எந்த வழியாக வெளியேறும்?’ என்று யோசியுங்கள்.

முதலில் தொப்பி. சுத்தமான சட்டையைப் போட்ட பிறகு தொப்பி மாட்டினால் தலைமுடியும் பொடுகும் அதன்மேல்தான் விழும். நெற்றி முடி, காதோர முடி, பிடரி எல்லாம் உள்ளே போகட்டும். தாடி இருந்தால் அதையும் மூடுங்கள்.

அடுத்தது சட்டையும் பேன்ட்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். சட்டையை வெளியே தொங்கவிட்டால், குனிந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் அது துருத்தி மாதிரி உள்காற்றைக் கீழே தள்ளும். காற்றோடு துகளும் வரும். இடுப்புக்குக் கீழே உதிர்வது அதிகம் என்பதால் பேன்ட்டின் கால் முனையும் முக்கியம். சட்டையை உள்ளே செருகுங்கள். கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பட்டி வைத்த பேன்ட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

துணியையும் கவனியுங்கள். தோல் துகள் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு. சாதாரணப் பருத்தி நெசவின் இடைவெளியோ 80 மைக்ரானையும் தாண்டும். சல்லடையில் மாவு இறங்குவதுபோல் துகள் இறங்கிவிடும். இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் முன்னோடி ஜான் சார்ன்லி 1960-களில், உடலையே மூடி உள்காற்றைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றும் உடையை உருவாக்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். நெருக்கமாக நெய்த பாலியெஸ்டரும் நெய்யப்படாத துணியும் பருத்தியைவிட நன்றாகத் தடுக்கும். பலமுறை துவைத்து நைந்துபோன உடையை ஒதுக்கிவிடுங்கள்.

அப்புறம் மாஸ்க், பிறகு கை கழுவி ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) கவுன். கவுன் நனைந்தால் உடனே மாற்றுங்கள். ஈரத்தின் வழியே கிருமி எளிதாகக் கடந்துவிடும்.

சரி, பலன் தெரிகிறதா என்று பார்க்க ஆசையா? பொறுப்பாளரின் அனுமதியோடு, ரத்த அகர் தட்டு (கிருமி வளர்க்கும் தட்டு) ஒன்றை அறுவை மேசைக்கு ஒரு மீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மூடி, 37 டிகிரியில் 48 மணி நேரம் வையுங்கள். வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ சின்னப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொன்றும் அநேகமாக யாரோ ஒருவரிடமிருந்து விழுந்த ஒரு துகளில் இருந்து வளர்ந்த கிருமிக் கூட்டம். அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், கதவு எத்தனை தடவை திறந்தது என்பதைத் தட்டின் அடியில் எழுதிவிடுங்கள். அது இல்லாமல் இரண்டு நாள் தட்டுகளை ஒப்பிடவே முடியாது.