மூலிகை தானே என்று நாம் செய்யும் தவறுகள்

மஞ்சள் காமாலை வந்தால் நம் ஊரில் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து குடிக்கிறார்கள், பலருக்குச் சரியாகியும் விடுகிறது. ஆனால் அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ என்ற கல்லீரல் தொற்றுக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும் என்பதால், பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்விடுகிறது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் இது ஹெபடைடிஸ் பி கிருமியை விரட்டுவதாக லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சரி, குடித்தால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். நாள்தான் கெடுகிறது. பித்தக் குழாயில் கல் அடைத்து வந்த காமாலை என்றால் எத்தனை டம்ளர் குடித்தாலும் கல் நகராது. உடம்பு அரிப்பு, மலம் வெளுத்துப்போவது, நோயாளி குழப்பமாகப் பேசுவது, இதில் எது தெரிந்தாலும் அம்மியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சோற்றுக்கற்றாழையில் நடப்பது வேறு. மடலை வெட்டியதும் தோலை ஒட்டி மஞ்சளாக ஒரு பால் வடியும், கசப்பு நாக்கை விட்டுப் போகாது. அதில் இருக்கும் அலோயின் கடுமையான பேதி மருந்து, அந்தப் பாலைக் காய்ச்சி இறுக்கினால்தான் கரியபோளம். மடலை நிமிர்த்தி வைத்துப் பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, சோற்றைப் பலமுறை கழுவ வேண்டும். அப்படியே மிக்ஸியில் போட்டு ஜூஸ் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

இதைவிட மோசம் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு. திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். இதிலுள்ள கோல்சிசின் என்ற விஷப்பொருளை கவுட் மூட்டுவலிக்கு டாக்டர்கள் தரும்போது மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், கிழங்கில் எவ்வளவு என்று யார் அளந்து கொடுப்பது? வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்தாலும் விஷம் போகாது. முதலில் வாந்தி, பேதி. தப்பிப் பிழைத்தவர்களுக்குச் சில நாள் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்.

மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்ஸ்யூல்களையும் சொல்ல வேண்டும். ரசத்தில் போடும் மிளகால் பயமில்லை. கேப்ஸ்யூலில் செறிவாக இருக்கும் மிளகின் பைப்பரின், மஞ்சளிலுள்ள குர்குமினை மட்டுமல்லாமல் வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். டாக்டரிடம் மாத்திரைகளைக் காட்டும்போது, இந்த டப்பாவையும் எடுத்து வையுங்கள்.