‘கெஸ் ஹூஸ் கமிங் டு டின்னர்’ படத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளையினப் பெண் ஒருத்தி, தான் மணக்க விரும்பும் கறுப்பின மருத்துவரைப் பெற்றோரின் வீட்டுக்கு அழைத்துவருவதுதான் ஸ்டான்லி கிரேமர் இயக்கிய இந்த அமெரிக்கப் படத்தின் கதை. இதை ‘அறுபதுகளில் வந்த படம்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடுவதே முதல் தவறு. இங்கே ஆண்டு மட்டும் போதாது, மாதமும் தெரிந்திருக்க வேண்டும். இனம் மாறி மணம் செய்வதைக் குற்றமாக்கிய சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், வர்ஜீனியாவைச் சேர்ந்த லவிங் தம்பதியின் வழக்கில், 1967 ஜூன் 12 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அப்போது 16 மாநிலங்களில் அத்தகைய சட்டம் இருந்தது. படப்பிடிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. படம் வெளியானது டிசம்பரில். பதினாறு பதினேழு மாநிலங்களில் நீங்கள் குற்றவாளிகளாகவே இருப்பீர்கள் என்று மணமகனின் தந்தை எச்சரிக்கும் வசனம், படமாக்கப்பட்ட நாளில் உண்மையாக இருந்து, அரங்கில் ஒலித்த நாளில் காலாவதியாகியிருந்தது. தீர்ப்பின் விளைவாகப் பிறந்த படம் என்று எழுதுவது, ஆகவே, பிழை.

அதற்காக, சட்டம்தான் இந்தக் கதையின் தடை என்று கொள்வதும் சரியாகாது. கதை நடப்பது சான் பிரான்சிஸ்கோவில். கலிஃபோர்னியாவின் தடைச் சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1948-லேயே நீக்கிவிட்டது. எனவே அந்த வீட்டின் வாசலில் காவலர் எவரும் நிற்கவில்லை. நிற்பவர், சமத்துவத்தை ஆதரிக்கும் நாளிதழை நடத்தி, மகளையும் அப்படியே வளர்த்த தந்தை மட்டுமே. பலர் இந்தப் படத்தில் ஒரு வில்லனைத் தேடி, பெண்ணின் தாயின் கலைக்கூடத்தில் பணிபுரியும் ஹிலரி என்ற பெண்ணைச் சுட்டுகிறார்கள். அவளோ ஒரே காட்சியில் காசோலையோடு வேலையிலிருந்து அனுப்பப்படுகிறாள். வெளிப்படையான வெறுப்பை வெளியேற்றுவது அவ்வளவு எளிது. கொள்கை மாறாமல் தயக்கம் மட்டும் காட்டும் நல்ல மனிதரை என்ன செய்வது என்பதில்தான் படத்தின் மீதி நேரமெல்லாம் செலவாகிறது.

சிட்னி பாய்ட்டியே நடித்த மருத்துவர் குறையே இல்லாதவராக இருக்கிறார் என்பது அடிக்கடி வைக்கப்படும் குற்றச்சாட்டு. மறுப்பதற்கு நிறத்தைத் தவிர வேறு காரணம் எஞ்சக் கூடாது என்பதற்காகவே கிரேமர் அவரை அப்படி அமைத்தார் என்பதை மறந்துவிட்டு இதைச் சொல்வது அரைகுறை விமர்சனம். உண்மையில் அந்தத் திட்டமும் முழுமையாக நிறைவேறவில்லை: அவருக்கு 37 வயது, பெண்ணுக்கு 23, இருவரும் பழகியது பத்தே நாட்கள். எந்தப் பெற்றோரும் ஒரு கணம் யோசிக்கும் செய்தி இது. என் பார்வையில் இதைவிடப் பெரிய பலவீனம், பெற்றோர் சம்மதிக்காவிட்டால் விலகிவிடுவதாக அவர் பெண்ணுக்குத் தெரியாமல் வாக்குக் கொடுப்பதுதான். அதனால் முடிவெடுக்கும் உரிமை ஒரு வெள்ளைத் தந்தையின் கையில் போய்ச் சேர்கிறது.

பெண் வீட்டின் கறுப்பினப் பணிப்பெண் டில்லியும் மருத்துவரின் தந்தையும் எதிர்ப்பதைக் காட்டி, இரு தரப்பும் ஒன்றே என்று கணக்கை நேர்செய்வதும் கூடாது. அவர்களுடைய எதிர்ப்பில் அச்சத்தின் நெடிய அனுபவம் இருக்கிறது. தமிழில் எழுதுவோர் ‘கலப்புத் திருமணம்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. அது சாதியை முன்னே கொண்டுவந்து நிறுத்திவிடும்.

விருதுகளிலும் குழப்பம் உண்டு. இப்படத்துக்குக் கிடைத்த ஆஸ்கர்கள் இரண்டு: நடிப்புக்காகக் கேத்தரின் ஹெப்பர்னுக்கும் திரைக்கதைக்காக வில்லியம் ரோஸுக்கும். அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்வானது, பாய்ட்டியே நடித்த மற்றொரு படமான ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’.

பெண்ணின் தந்தை ஆற்றும் இறுதி உரையை, அவராக நடித்த ஸ்பென்சர் டிரேசியின் தனிச் சாதனையாக மட்டும் பார்ப்பது கடைசித் தவறு. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், ஜூன் 10 அன்று, டிரேசி இறந்துவிட்டதால் அந்த உரையைக் கண்ணீரோடு கேட்கிறோம், அது இயல்பே. ஆனால் அந்தத் தந்தையின் மனத்தை அசைத்தவர் பியா ரிச்சர்ட்ஸ் நடித்த மருத்துவரின் தாய். காதல் என்றால் என்ன என்பதை வயதான ஆண்கள் மறந்துவிட்டார்கள் என்று வெளி மாடத்தில் அவர் தாழ்ந்த குரலில் சொன்னதற்கான பதிலாகவே அந்த உரை முழுவதும் அமைந்திருக்கிறது.