கரன்ட் வயரிலேயே இன்டர்நெட்: பவர்லைன் அடாப்டர் மாட்டுவது எப்படி?

கீழே ஹாலில் ஃபைபர் ரவுட்டர், மாடி அறையில் வைஃபை ஒரே ஒரு கோடு. நடுவில் கான்கிரீட் தளம் இருந்தால் அப்படித்தான். லேன் கேபிள் இழுக்க வழியிருந்தால் அதையே செய்யுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால் பவர்லைன் அடாப்டரைப் பார்க்கலாம். சுவருக்குள் ஓடும் வயரில், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு சேர்த்து மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் டேட்டாவையும் அனுப்பும் சின்னப் பெட்டி இது. ஒன்று ரவுட்டர் பக்கம், இன்னொன்று அறையில்.

காசு கொடுப்பதற்கு முன் ஃபேஸைப் பாருங்கள். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் சிக்னல் திணறும், சில வீடுகளில் வரவே வராது. ஒரு ஃபேஸ் போகும்போது கவனியுங்கள்: இரண்டு அறையும் சேர்ந்து அணைந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் அணைந்தால், மெயின் போர்டில் ஃபேஸ் மாற்றும் ஸ்விட்ச் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். நீங்களே போர்டைத் திறக்க வேண்டாம். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. இன்வெர்ட்டர் லைன் இருந்தால் இரண்டு பெட்டியையும் ஒரே பக்கம் வையுங்கள்: இரண்டும் இன்வெர்ட்டர் லைனில், இல்லையென்றால் இரண்டும் நேரடி கரன்ட் லைனில்.

அட்டையில் வேகம் 1000 எம்பிபிஎஸ் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். நிஜத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே பெரிய விஷயம். லேன் போர்ட் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்) என்றும் பாருங்கள். 600 என்று விற்கும் மலிவு மாடல்கள் சிலவற்றில் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான்.

சரி, மாட்டுவோம். முதலில் இரண்டையும் ஒரே அறையில் செருகி, ஒன்றின் ‘பேர்’ (Pair, ஜோடி சேர்க்கும்) பட்டனை அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அழுத்துங்கள். விளக்கு சிமிட்டி நின்றால் ஜோடி சேர்ந்தாயிற்று. அடுக்குமாடியில் இதைத் தவிர்க்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெட்டி உங்கள் நெட்வொர்க்கில் சேராமல் தடுக்கும், பாஸ்வேர்டு போன்ற தனி ரகசியச் சாவி உருவாவது இதில்தான்.

அப்புறம் ஒன்றை ரவுட்டர் அருகே செருகி லேன் கேபிள் கொடுங்கள். மற்றதை மாடிக்குக் கொண்டுபோய்ச் செருகி லேப்டாப்பை இணையுங்கள். இரண்டும் நேராகச் சுவர் பாயின்டில்தான் இருக்க வேண்டும். ஸ்பைக் பஸ்டரில் செருகினால், அதிலுள்ள ஃபில்டர் சிக்னலையும் சேர்த்து வடிகட்டிவிடும்.

ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். மிக்ஸி ஓடும்போதோ, மலிவான சார்ஜர் பக்கத்தில் இருக்கும்போதோ வேகம் படுத்தால், அதே அறையில் வேறு பாயின்டுக்கு மாற்றிப் பாருங்கள்.