பலமான ஏல் போத்தல்களை வருடக்கணக்கில் வைக்கிறவர்கள் செய்கிற தவறுகள்

குளிர்காலம் தொடங்கினால் கடைக்கு வருகிற பெடியன்கள் ஏதாவதொரு போத்தலைத் தூக்கிக் காட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அண்ணை, இதை வைத்துக் குடிக்கலாமா?" தென் லண்டனில் மதுக்கடை வைத்திருக்கிறேன். எங்கட ஆட்களின் கடைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு, ஆனால் கடைக்குக் கீழே நிலவறை இருந்தும் அதில் பழைய பெட்டிகளைத் தவிர வேறொன்றும் வைக்காதவர்கள்தான் கூட. நான் அதில் பார்லி வைனும் (பெயரில்தான் வைன், உண்மையில் பலமான ஏல் வகைப் பியர்) பெல்ஜிய ஏலும் இம்பீரியல் ஸ்டவுட்டும் (பலமான கறுப்பு பியர்) வருடம் எழுதி அடுக்கி வைத்திருக்கிறேன் என்பது தெரிந்துதான் கேட்கிறார்கள். குலுக்காதே, ஜன்னலடியில் வைக்காதே என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும், அதை விட்டுவிடுவோம்.

சதவீதத்தை மட்டும் பார்த்து வாங்குவது

அதிகக் காசு போகிற தவறு இதுதான். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருகிற தவறும் இதுதான். லேபிளில் ஆல்கஹால் சதவீதம் 8க்கு மேல் தெரிந்தால் போதும், இது கெடாது, வைக்க வைக்க நல்லா வரும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரு தம்பி தங்கச்சியின் கலியாணத்துக்கென்று டபுள் ஐபிஏ என்ற, வாசனை தூக்கலான பலமான பியர் ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தார். 8.5 சதவீதம், பெயர் போன சாமான், டின் ஒன்றே எட்டு ஒன்பது பவுண்ஸ். கலியாணம் தள்ளிப் போய் இரண்டு வருடத்துக்குப் பிறகு நடக்க இருந்தபோது, அதற்கு முதல் ஒன்றைத் திறந்து பார்ப்போம் என்று கடைக்குக் கொண்டுவந்தார். கிளாஸில் ஊற்றினோம். வைக்கோல் மஞ்சளாக இருக்க வேண்டியது ஆறிப்போன பிளேன்டீயின் நிறத்தில் இருந்தது. மாம்பழம், தோடம்பழத் தோல் என்று மணக்க வேண்டிய இடத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனையும் அதற்கு மேலே கொஞ்சம் தேனும். குடித்தால் முன்னுக்கு ஒரு திகட்டல் இனிப்பு, பின்னுக்கு நாக்கைச் சுரண்டுகிற கசப்பு, நடுவில் ஒன்றுமில்லை. முழுப் பெட்டியும் அப்படித்தான். நூறு பவுண்சுக்கு மேல் கரியானது.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஃபுல்லர்ஸ் வின்டேஜ் ஏலும் 8.5 தானே அண்ணை, அது மட்டும் எப்படிப் பத்து வருடம் நிற்குது?"

அதேதான் விஷயம். மேற்கு லண்டன் சிஸிக்கில் 1997 முதல் ஆண்டுக்கு ஒரு தரம் காய்ச்சி, வருடத்தைப் போட்டுத் தனிப் பெட்டியில் விற்கிற அந்த ஏலும் 8.5, இவர் வாங்கிய டின்னும் 8.5, பெல்ஜியத்தின் டூவெலும் 8.5. மூன்றும் ஒரே எண், மூன்றுக்கும் வேறு வேறு விதி. எதிர்ப்பக்கம் பார்த்தால், பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்து ஏல் வெறும் 6.2 சதவீதம். ஆனால் போத்தலில் அடைக்கும்போது சேர்க்கிற பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் மாதக்கணக்கில் உள்ளே வேலை செய்து அதை வேறொரு பியராகவே மாற்றிவிடும். மடத்துக்கு அருகில் இருக்கிற மதுச்சாலையில் இளசு வேண்டுமா பழசு வேண்டுமா என்று கேட்டே தருகிறார்கள்.

ஆல்கஹால் கிருமிகளை அண்ட விடாது, அவ்வளவுதான் அதன் உதவி. பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹொப்ஸ் பூவின் வாசனையை அதால் காப்பாற்ற முடியாது. அந்த வாசனை எண்ணெய்கள்தான் முதலில் போகும், சில மாதத்திலேயே தெரியும். ஐபிஏ என்பதே அந்த வாசனைக்காகச் செய்தது, அது போனபின் தாங்கிப் பிடிக்க அடியில் கனமான மோல்ட், அதாவது முளைகட்டிய பார்லியின் ருசி, கிடையாது. கலிபோர்னியாவின் பிளைனி த எல்டர், 8 சதவீத டபுள் ஐபிஏ, வைத்திருக்காமல் உடனே குடியுங்கள் என்று லேபிளிலேயே எழுதி விற்கிறது. காய்ச்சுகிறவனே சொல்கிறான், நாங்கள் ஏன் கேட்கக்கூடாது? தேசிக்காய் ஊறுகாய் ஊற ஊற ருசி, தேங்காய்ச் சம்பல் அரைத்த அன்றைக்கே தின்ன வேண்டும்; இரண்டிலும் உப்பும் புளியும் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் ஒரே அலுமாரியில் வைக்கிறோமா?

அப்போ எதைப் பார்த்து வாங்குவது? முதலில் மோல்ட். நொதித்து முடிந்த பிறகும் இனிப்பு மிஞ்சி, கடும் நிறத்தில், உடம்பு கனத்து இருக்க வேண்டும். காற்று மெல்ல மெல்ல ஊடுருவும்போது அந்த மோல்ட்தான் உலர்ந்த முந்திரிகை, பேரீச்சம்பழம், ரொஃபி, ஷெரி வைன் என்று மாறும். வெளிர் நிற பியரில் அதே காற்று அட்டைப்பெட்டி வாசனையைத்தான் கொடுக்கும். இரண்டாவது, போத்தலுக்குள் உயிருள்ள ஈஸ்ட். அடைக்கும்போது உள்ளே அகப்பட்ட ஒட்சிசனைத் தின்று தீர்ப்பது அதுதான், அடியில் மண்டி தெரிந்தால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும். மூன்றாவது, ஹொப்ஸ் எதற்காகப் போட்டிருக்கிறது என்பது. வாசனைக்கென்றால் உடனே குடியுங்கள், கசப்புக்கென்றால் வைக்கலாம். சியெரா நெவாடா என்ற அமெரிக்கக் கம்பனியின் பிக்ஃபுட் பார்லி வைன், 1983 முதல் வருகிறது, 9.6 சதவீதம், புதிதாகத் திறந்தால் அதன் கசப்பு முகத்தில் அறையும். மூன்று நாலு வருடத்தில் கசப்பு தணிந்து அடியிலிருக்கிற மோல்ட் மேலே வரும்போது அந்தப் போத்தலுக்கு நான் வேறெதையும் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

இந்த மூன்றும் பொருந்துகிறவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவை: பெல்ஜிய ஏல்களில் 11.3 சதவீத ரோஷ்ஃபோர் 10, லேபிளில் வருடம் போட்டே வருகிற நீலச் சிமே, வெஸ்ட்ஃப்ளெட்டெரன் 12, செயின்ட் பெர்னார்டஸ் அப்ட் 12. அப்புறம் டோமஸ் ஹார்டி ஏல், இங்கிலாந்தின் டோர்செட்டில் எல்ட்ரிட்ஜ் போப் கம்பனி 1968இல் முதலில் காய்ச்சியது, 25 வருடம் வரை மெருகேறும் என்று லேபிளிலேயே போட்டு விற்றார்கள். பேர்ட்டன் நகரத்தில் 1869இல் காய்ச்சிய ராட்க்ளிஃப் ஏலை இந்த நூற்றாண்டில் திறந்து குடித்தவர்கள் இருக்கிறார்கள், அது செத்துப்போய் இருக்கவில்லை. 

கோப்பி, தேங்காய், வனிலா போட்ட ஸ்டவுட்

இது முந்தைய தவறின் தம்பி. இம்பீரியல் ஸ்டவுட் வைக்கலாம் என்று கேள்விப்பட்டு, கோப்பி போட்ட ஸ்டவுட்டை வைப்பார்கள். கோப்பியின் மணம் வருடம் முடிய முதலே மங்கும், சிலதில் பச்சைக் கறிமிளகாயை நறுக்கிய வாசனை கிளம்பும். தேங்காயும் வனிலாவும் பழங்களும் அப்படியேதான், போட்ட பொருள் முதலில் போய்விடும். காசு கொடுத்தது அந்தப் பொருளுக்கு என்றால் அது இருக்கும்போதே குடியுங்கள். ஒன்றும் கலக்காத ஸ்டவுட்டை வையுங்கள்.

சூட்டில் வைப்பது

லண்டன் ஃபிளாட்டுகளில் நிலவறை கிடையாது, அதனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அலுமாரியில் வைப்பார்கள். இருட்டு, சரிதான். ஆனால் பக்கத்திலேயே பொயிலர், இல்லாவிட்டால் சுவருக்குள்ளே சுடுதண்ணீர்க் குழாய். 10 முதல் 13 பாகை செல்சியஸ், அதுவும் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். பத்துப் பாகை கூடினால் உள்ளே நடக்கிற வேதிமாற்றங்கள் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு வேகமாகும், அதுவும் எல்லாம் ஒரே அளவில் வேகமாகாது. ஆகவே சூட்டில் ஒரு வருடம் வைத்தது குளிரில் மூன்று வருடம் வைத்ததற்குச் சமம் என்று கணக்குப் போடாதீர்கள், வருவது பழுத்த ருசியில்லை, வெந்த ருசி. இடமே இல்லையென்றால் ஃபிரிட்ஜில் போடுங்கள். மெதுவாகத்தான் மாறும், ஆனால் பழுதாகாது.

வெளிச்சம்

பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் வெளிச்சத்தை மறைக்காது. பெட்டியிலேயே வையுங்கள்.

படுக்க வைப்பது

வைன் அல்ல. நிமிர்த்தி வையுங்கள்.

ஒரே ஒரு போத்தல் வாங்குவது

ஒரு போத்தலை வாங்கி ஆறு வருடம் வைத்துத் திறந்தால் அது நல்லா வந்ததா, முதலே இப்படித்தான் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. குறைந்தது நாலு போத்தல் வாங்குங்கள். ஒன்றை அன்றைக்கே குடியுங்கள், பிடிக்கவில்லையென்றால் மற்ற மூன்றையும் வைத்துப் பிரயோசனமில்லை, பிடிக்காத பியர் வயதானாலும் அதே பியர்தான். மற்றதை வருடத்துக்கொன்றாகத் திறந்து பாருங்கள், வாங்கிய திகதியைக் கழுத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி எழுதுங்கள்.

இன்னும் வைத்தால் இன்னும் நல்லா வரும் என்பது

வராது. 9, 10 சதவீத பெல்ஜிய ஏல்கள் என் நாக்குக்கு மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்குள் உச்சிக்கு வருகின்றன. அதற்குப் பிறகு உடம்பு மெலிந்து ஷெரி வாசனை எல்லாவற்றையும் மூடிவிடும். பெரிய பார்லி வைன்கள் பத்துத் தாண்டும், அதிலும் எல்லாம் இல்லை. நல்ல நாள் வரட்டும் என்று காத்திருந்து வெறும் புளித்த தண்ணீரைத் திறந்தவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறெரிகிறது, ஏனென்றால் அந்தப் போத்தல் நல்லாயிருந்த ஒரு காலம் இருந்தது.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறப்பது

இத்தனை வருடம் வைத்து வந்த ருசியைக் குளிர் மரத்துப்போக வைத்துவிடும். அரை மணி நேரமாவது வெளியே விடுங்கள், 12, 13 பாகைக்கு வரட்டும். முதல் நாளே நிமிர்த்தி வைத்து மண்டியை அடியில் இறங்க விட்டு, பிறகு ஒரே சாய்வில், இடையில் நிமிர்த்தாமல் ஊற்றுங்கள். அடியில் ஒரு விரலளவு மிஞ்சும். இளம் போத்தல் என்றால் அதைத் தனியாகச் சின்ன கிளாஸில் ஊற்றி நான் குடிப்பேன், பாண் மா வாசனையோடு நல்லாயிருக்கும். பழைய போத்தலில் அது வேண்டாம், அந்த ஈஸ்ட் செத்து உடைந்து சோயா சோஸ் மாதிரி மணக்கும், கலந்தால் மேலே தெளிவாக இருந்ததையும் கெடுத்துவிடும்.