பெர்த்துக்கு வரும்போது வேகத்தை மிச்சம் வைக்காதீர்கள்

போன வாரம் என்னோடு பயிற்சிக்கு வந்த இளம் பைலட் (துறைமுகத்துக்குள் கப்பலை வழிநடத்துபவர்) நிலக்கரிக் கப்பல் ஒன்றைப் பெர்த்துக்கு, அதாவது கப்பலை நிறுத்திக் கட்டிவைக்கும் துறைமேடைக்கு, கொண்டு வந்தார். "என்ன வேகம் தம்பி?" என்றேன். "அஞ்சு நாட் சார், அஸ்டர்ன் போட்டா நின்னுடும்." நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்; அஸ்டர்ன் என்றால் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டுவது. நானும் ஒரு காலத்தில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். சுக்கான் உத்தரவு, கயிறு கட்டும் வரிசை எல்லாம் படிப்பிலேயே வந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

அஸ்டர்னை நம்பி வேகமாக வருவது

பெரிய டீசல் இன்ஜின், கப்பலைத் தள்ளும் விசிறியோடு நேரடியாக இணைந்திருக்கும். பின்னோக்கி ஓட வேண்டுமென்றால் அதை நிறுத்தி, அழுத்தக் காற்றை விட்டு எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். கப்பல் வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் தண்ணீரே விசிறியை முன்பக்கமாகச் சுழற்றும். அப்போது கிளப்புவது இன்னும் கஷ்டம்.

சரி, கிளம்பிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வலஞ்சுழி விசிறி (முன்னே போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல்வது) அஸ்டர்னில் பின்பக்கத்தை இடது பக்கம் இழுக்கும். கப்பலின் இடப்பக்கம் பெர்த்தை ஒட்டிக் கட்டும்போது அளவாகக் கொடுத்தால் அது உதவி. பயந்துபோய் ஃபுல் அஸ்டர்ன் கொடுத்தால் பின்பக்கம் நேராகப் பெர்த்தில் போய் இடிக்கும். சுக்கான் மேல் தண்ணீர் பாயாததால் அதைத் திருப்பியும் பலன் இருக்காது.

எனக்கு நடந்தது இதுதான். முழுச் சரக்கு, இரண்டு கப்பல் நீளம் பாக்கி, நாலரை நாட். அஸ்டர்ன் சொன்னேன், முதல் தடவை இன்ஜின் பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை பிடித்தது. பதறிப்போய் ஃபுல் அஸ்டர்ன் கொடுத்தேன். பின்பக்கம் சுழன்று போய் பெர்த்தின் ரப்பர் தடுப்பான ஃபெண்டரை நசுக்கியது. ரப்பர் முனகுவது பிரிட்ஜ் விங்கில் (கப்பலை ஓட்டும் மேல்தளத்தின் பக்கவாட்டு நீட்சி) நின்ற எனக்கே கேட்டது. அப்புறம் அது பிய்ந்து, தகடு கான்கிரீட்டில் உரசியது. கேப்டன் திட்டவில்லை. நெளிந்த தகட்டை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மௌனத்தை நான் மறக்கவில்லை.

பெரிய கப்பல் பக்கவாட்டில் நொடிக்குப் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் வேகத்தில்தான் பெர்த்தைத் தொட வேண்டும். வேகம் இருமடங்கானால் இடியின் ஆற்றல் நான்கு மடங்கு. 2020 ஏப்ரல் 6 அன்று தென்கொரியாவின் பூசானில் 366 மீட்டர் நீள மிலானோ பிரிட்ஜ் கப்பல் பெர்த்துக்குத் திரும்பும்போது ராட்சத கிரேன் ஒன்றையே சாய்த்தது. வழக்கத்தைவிட வேகமாக வந்தது. சுமை குறைவாக இருந்ததால் விசிறியின் ஒரு பகுதி தண்ணீருக்கு வெளியே வேறு இருந்தது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு கப்பல் நீளம் பாக்கி இருக்கும்போது இரண்டு நாட்டுக்குக் கீழே. இன்ஜினை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். கப்பலின் மூக்கு திசை விலகினால் சுக்கானை முழுசாகத் திருப்பி, இன்ஜினைச் சில நொடி மட்டும் முன்னே தட்டுங்கள். பின்பக்க நடுவில் ஒரு டக்கை (இழுவைப் படகை) கட்டி வையுங்கள்; இன்ஜின் கைவிட்டாலும் அது பிடித்து நிறுத்தும். அஸ்டர்ன் போட்ட பிறகு எட்டிப் பாருங்கள்: விசிறி கிளப்பிய நுரை கப்பலின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டால், தண்ணீரில் கப்பல் ஏறக்குறைய நின்றுவிட்டது.

பௌ த்ரஸ்டர்

மூக்கைப் பக்கவாட்டில் தள்ளும் சிறு விசிறி இது. நாலைந்து நாட்டுக்கு மேல் அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

திரையையே பார்ப்பது

ஜிபிஎஸ் காட்டுவது ஆன்டெனா இருக்கும் இடத்தின் வேகம். கப்பல் சுழலும்போது, இருநூறு மீட்டர் முன்னால் இருக்கும் மூக்கு வேறு வேகத்தில் பெர்த்தை நெருங்கிக்கொண்டிருக்கும். விங்கில் போய் நின்று கண்ணால் பாருங்கள்.

காற்று

இருமடங்கு வேகம், நான்கு மடங்கு தள்ளல். சுவர்போல உயரமான கார் ஏற்றும் கப்பல் என்றால் ஒரு டக் கூடுதலாகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

டக் கயிறு

தொய்வாக இருக்கும்போது, முழு பலத்தோடு இழுக்கச் சொல்லி டக்குக்கு 'ஃபுல்' சொல்லாதீர்கள். கயிறு அறுந்தால் அங்கே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

கேப்டனிடம் கேட்காமல் விடுவது

'டெட் ஸ்லோ அஹெட்' (முன்னோக்கி ஓட்டும் மிகக் குறைந்த இன்ஜின் வேகம்) என்றால் எத்தனை நாட்? சில பெரிய கப்பல்கள் அதிலேயே ஏழு நாட் ஓடும்; இன்ஜினை நிறுத்தினால்தான் வேகம் குறையும். ஏணி ஏறி பிரிட்ஜுக்குப் போனதும் இதைக் கேட்டுவிடுங்கள். அலைதடுப்புச் சுவரைத் தாண்டிய பிறகு அந்தப் பதிலை வைத்துக்கொண்டு செய்வதற்கு அதிகம் இருக்காது.